இருநூறு சல்லடைகள்

டன்வால்ட், சஸ்காச்சுவான்
ஜனவரி 14, 2019

அன்புள்ள லைல்,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று உன் கிறிஸ்துமஸ் அட்டை சொன்னது. கையெழுத்துதான் கோணிப்போயிருக்கிறது. இங்கே முழங்கால் தவிர எல்லாம் சுகம்.

நம் டன்வால்ட் கொக்குகள் ஐஸ் ஹாக்கி அணியின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். 1952-இல் பதினொரு பையன்களும் ஏழு ஜோடி ஸ்கேட் ஷூவுமாகத் தொடங்கியது, 58-இல் பனியின் பாரம் தாங்காமல் அரங்கத்தின் கூரை விழுந்தது, எல்லாம் எழுதி முடித்தேன். பாக்கி இருப்பது 1969, இந்த ஊர் வென்ற ஒரே கோப்பை.

கோல் அடித்தவனும் நீ, அணித் தலைவனும் நீ. இரண்டு பக்கம் உன் கையால் எழுது. கூடுதல் நேரத்தில் நீ அடித்தது, என் அப்பா வலைக்குப் பின்னால் இருக்கும் கூண்டுக்குள்ளிருந்து கோல் என்று சிவப்பு விளக்கைப் போட்டது, மார்சென் ஊர் கோல்கீப்பர் நோர்பர்ட் கோடே "வலையில ஓட்டை இருக்கு, சைடுல பூந்துச்சு" என்று கத்தியது, நடுவர் வலையைத் தடவிப் பார்த்து ஓட்டை இல்லை என்றது, உன்னைக் கூப்பிட்டுக் கேட்டது, நீ சொன்ன பதில், நோர்பர்ட் மட்டையால் நடுவரை அடித்து ஒரு வருடத் தடை வாங்கியது. ஒன்றும் விடாதே.

ஏப்ரல் 6-ஆம் தேதி ஐம்பதாம் ஆண்டு விருந்து. அரங்கத்துக்கு அப்பாவின் பெயரை வைக்கிறார்கள். நோர்பர்ட்டையும் அழைத்தோம். வருகிறானாம், சல்லடை மட்டும் வேண்டாமாம். விடுவோமா? மார்சென் அணி இங்கே ஆட வந்தால் நம் ஜனம் சமையலறைச் சல்லடையைத் தட்டுவது அவன் ஓட்டை என்று கத்திய புண்ணியத்தில் வந்த வழக்கம் அல்லவா? இருநூறு சல்லடை வந்து இறங்கிவிட்டது. அவனுக்கு மட்டும் தங்க வர்ணம் பூசிய ஒன்று.

சோம்பல் படாமல் எழுது.

உன் மாப்பிள்ளைத் தோழன்,
ஒரெஸ்ட் ஹலிச்சுக்


கம்லூப்ஸ்
ஜனவரி 29, 2019

அன்புள்ள ஒரெஸ்ட்,

எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன். அந்த ரப்பர் வட்டு முன்பக்கமாகப் போகவில்லை. கம்பத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளிப் போய், பக்கவாட்டு வலையில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. அடித்தவன் நான், எனக்குத் தெரியும். நோர்பர்ட் சொன்னதுதான் உண்மை.

போன அக்டோபரில் அக்காவின் அடக்கத்துக்கு வந்தேன் இல்லையா? மறுநாள் முக்குக் காப்பிக் கடைக்குப் போனேன். நோர்பர்ட் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். பரிமாறும் பெண் கல்லாவிலிருந்து, "சல்லடை, உங்க காப்பி ரெடி" என்றாள். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. 69-இல் அவள் அம்மாவே பிறந்திருக்க மாட்டாள். அவனும் எழுந்து போய் வாங்கிக்கொண்டான்.

பெரிய அணிக்காரர்கள் அந்த வசந்தத்தில் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது உனக்கும் தெரியும். தடைக்குப் பிறகு யாரும் வரவில்லை. ஐம்பது வருடமாக டிராக்டர் ரிப்பேர் பார்த்து அதற்கு அடியில் படுத்துக் கிடக்கிறான். அந்தச் சல்லடைகளைத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
லைல்


டன்வால்ட்
பிப்ரவரி 6, 2019

லைல்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் அப்பா குருடரா, பொய்யரா? இரண்டில் எது என்று சொல்லிவிடு, கல்வெட்டில் பொறித்துவிடலாம்.

நடுவர் கையை விட்டு வலை முழுக்கத் துழாவினார். ஊரே பார்த்தது. ஓட்டை இல்லை. இல்லாத ஓட்டை வழியாக வட்டு எப்படிப் போகும்? கம்லூப்ஸ் மலைக்காற்று உன் மூளையைக் கலக்கிவிட்டதா? அப்பா செத்து முப்பது வருடமாகிறது. அவரால் எழுந்து வந்து உனக்குப் பதில் சொல்ல முடியாது.

மார்ச் 15-க்குள் எல்லாத் தாளும் அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒழுங்காக எழுதுவதானால் எழுது. இல்லையென்றால் நானே எழுதிக்கொள்கிறேன்.

ஒரெஸ்ட்


கம்லூப்ஸ்
பிப்ரவரி 15, 2019

ஒரெஸ்ட்,

உன் அப்பா குருடரும் இல்லை, பொய்யரும் இல்லை. வலை குலுங்கியது, வட்டு உள்ளே கிடந்தது, விளக்கைப் போட்டார். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

அன்று காலை பனித்தளத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அவர் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "டேய், தெக்குப் பக்கம் வலை பிஞ்சிருக்கு, மறக்காம கட்டிடு." நீ தலையை ஆட்டிவிட்டு, சர்ச்சில் பெரோகிக் கொழுக்கட்டை விருந்துக்கு ஓடினாய். பதினெட்டு வயதுப் பசி, அதைக் குற்றம் சொல்லவில்லை.

கோல் விழுந்ததும் எல்லோரும் என் மேல் வந்து விழுந்தார்கள். மாற்றுக் கோல்கீப்பரான நீ மட்டும் வலைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாய். சந்தோஷத்தில் அழுகிறாய் என்றுதான் நினைத்தேன். கோப்பையோடு படம் எடுக்கும்போது பார்த்தேன், உன் இடது ஸ்கேட்டில் லேஸ் இல்லை.

அந்தப் படம் உன் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்.

லைல்


டன்வால்ட்
பிப்ரவரி 27, 2019

லைல்,

பார்த்தேன். பார்த்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்குக் கோப்பை என் நினைவிலேயே இல்லை. சொன்ன வேலையை நான் செய்யவில்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அந்தப் பயம் ஒன்றுதான். நடுவர் வருவதற்குள் லேஸை உருவி ஓட்டையைக் கட்டினேன். மறுநாள் வலையைக் கழற்றிய அப்பா அந்த முடிச்சைப் பார்த்தார். கத்தியால் அறுத்து, லேஸைச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கூண்டில் அவர் உட்காரவே இல்லை. முதுகுவலி என்று ஊர் சொன்னது. நானும் அதையேதான் சொன்னேன்.

விழாக் குழுவிடம் சொல்லிவிட்டேன். பெயர் சூட்டல் வேண்டாம், சல்லடையும் வேண்டாம் என்றேன். பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. சல்லடைப் பெட்டிகள் என் கார் கொட்டகையில் கிடக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை மார்சென் போனேன். நோர்பர்ட் உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் பனியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "லேஸு உன்னுது, சரி. அன்னிக்கு ரெஃப்ரி லைலைக் கூப்பிட்டுக் கேட்டாரே, நான் ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். அவன் சொன்னது உங்க புஸ்தகத்துல வருமா?" என்று கேட்டான். அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

நம் ஆட்டங்களில் நடுவருக்குச் சந்தேகம் வந்தால் அடித்தவனையே கேட்பார், அவன் சொன்னால் சொன்னதுதான். அந்த வழக்கத்துக்காகத்தானே பொய் சொல்லாத போதகரின் மகனான உன்னைத் தலைவனாக்கினோம்? என் அப்பாவை எழுதினாய், என் பெரோகியை எழுதினாய், என் லேஸை எழுதினாய். அந்த ஒரு கேள்வியை மட்டும் இரண்டு கடிதத்திலும் தாண்டிக் குதித்துவிட்டாய். நான் முதல் கடிதத்திலேயே கேட்டது அதைத்தான்.

என் பங்கை எழுதி அச்சகத்தில் கொடுத்துவிட்டேன், அது பக்கம் 61. பக்கம் 62 காலியாக இருக்கிறது. பதினைந்தாம் தேதி வரை காத்திருப்பார்கள். நீ எழுதாவிட்டால் அது காலியாகவே அச்சாகும், மேலே உன் பெயரோடு.

ஒரெஸ்ட்


கம்லூப்ஸ்
மார்ச் 5, 2019

ஒரெஸ்ட்,

உன் லேஸைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் நான்காம் தேதி காரில் கிளம்புகிறேன். டன்வால்டுக்கு முன்னால் மார்சென். என்னையும் அவன் உள்ளே கூப்பிட மாட்டான், வாசலில் நிற்கிறேன். கீழே இருப்பது பக்கம் 62-க்கு. ஒரு எழுத்தையும் மாற்றாதே.

"நடுவர் என்னைக் கூப்பிட்டு, 'லைல், நீ சொன்னா போதும். முன்னால பூந்துச்சா?' என்று கேட்டார். நோர்பர்ட் கோடே முகமூடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. லைலிடம் கேட்டுவிட்டார்கள், இனிக் கவலை இல்லை என்பதுபோல நின்றிருந்தார். நான் 'ஆமா சார்' என்றேன். அவர் மட்டையை ஓங்கியது அதற்குப் பிறகுதான்.

லைல் பெர்க்ஸ்ட்ரோம்
தலைவர், டன்வால்ட் கொக்குகள், 1969"