வாயைத் திறந்தவனுக்கு

நேற்றுப் போட்ட சட்டையைத் துவைக்க எடுத்தேன். துப்பாக்கி எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. உடனே உன் ஞாபகம்தான் வந்தது. செத்து ஒரு வருஷமாகியும் இப்படி வந்து நிற்கிறாய்.

போலீசுக்குக் கைத்துப்பாக்கி விற்கும் போட்டியில் நாம் எதிரெதிர் ஆட்கள். ஆளுக்கொரு வெளிநாட்டுக் கம்பெனி. காலையில் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரே மேசையில் தோசை சாப்பிடுவோம். பிறகு தனித்தனிக் காரில் போய், அதிகாரிகள் முன்னால் அறிமுகமே இல்லாதவர்கள் மாதிரி நிற்போம். "சாப்பிடறப்ப டெண்டர் பேசாதலா, தோசை இறங்காது" என்பாய்.

நாம் கடைசியாக மோதிய தடவை உன் துப்பாக்கிதான் முன்னால் இருந்தது. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் வேலையும் போய்விடும் என்று உன் பாஸ் சொல்லியிருந்தார். கிள்ளானில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தாய். சுடுதளத்தில் விற்பனையாளர்கள் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால் அவர்கள் கம்பெனி வெளியே. அதுதான் விதி.

என் துப்பாக்கியின் முறை. இளம் பெண் போலீஸ் ஒருத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் அதிகாரிகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வேட்டு மட்டும் பொத்தென்று அமுங்கியது. அடுத்த தோட்டா ஏற, அவள் துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடி குறிபார்த்தாள்.

"பெர்ஹெந்தி! நிறுத்து, சுடாத" என்று நீ கத்தினாய்.

அவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கழற்றிப் பார்த்தால் குழலுக்குள் குண்டு சிக்கியிருந்தது. மருந்து குறைந்த தோட்டா. இன்னொன்றைச் சுட்டிருந்தால் அவள் கையிலேயே வெடித்திருக்கும்.

அதிகாரி உன் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். அதே மூச்சில் உன் கம்பெனியை நீக்கினார். தோட்டாவில்தான் கோளாறு என்று எங்களுக்கு மறுவாய்ப்பு கிடைத்தது, ஆர்டரும் கிடைத்தது. என்ன நியாயமோ.

வெளியே வந்ததும், "ஏன்டா கத்துன, சுடறத நிறுத்த ரேஞ்ச் ஆபீசர்தான் இருக்காரே" என்றேன்.

"அவரு கையத் தூக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு சுட்டிருக்கும்லா. போ, உன் பாஸ் கூப்பிடறாரு."

வேலை போனதும் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சேர்ந்தாய். கடைசிவரை என்னை ஒரு சொல் குத்திக்காட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நேற்று வேறொரு சோதனை. எதிர்க் கம்பெனிக்காரனின் துப்பாக்கியில் ஒரு வேட்டு அமுங்கியது போலக் கேட்டது. யோசிக்கவே இல்லை, கத்திவிட்டேன். குழலைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லை. என் காதுதான் ஏமாற்றிவிட்டது. எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"யூ கிரேஸியா? அவன் கன் வெடிச்சா உனக்கென்னலா?" என்று பாஸ் போனில் கேட்டார். போனை வைத்துவிட்டேன். காரில் உட்கார்ந்து அழுதேன். திங்கட்கிழமை வேலை இருக்குமா என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளைக்கே அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தினாலும், சந்தேகம் வந்தால் கத்துவேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான்.