ராணி முன்னாடி சிப்பாயும் புழுதி விதைப்பும்

புரட்டாசி 2, வெள்ளி

வெயில். மேகம் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு. வாய்க்கால்ல ஆடு மேயுது.

தி.பூண்டி பஸ்ஸுல இன்னிக்கும் நின்னுட்டுத்தான். சாகுல் பாய் நெட் சென்டர்ல நாள் முழுக்க பயோடேட்டா டைப்பிங். பாதிப் பேருக்கு துபாய், மீதிப் பேருக்கு சிங்கப்பூர். எல்லாரும் 'கடின உழைப்பாளி'ன்னு போடச் சொல்றாங்க.

சாயங்காலம் செஸ். ஐரோப்பாவுல ஏதோ ஒரு ஊர், உலகத்துலயே பெரிய ஆட்டக்காரங்க எட்டு பேர், அதுல நம்ம சாம்பியனும் ஒருத்தர். அவங்களுக்கு மத்தியானம், நமக்கு ஆறு மணி. எனக்குக் கடைசி பஸ் ஆறே முக்கால். அதனால நான் பார்க்கிறதெல்லாம் ஆரம்பம் மட்டும்தான். முடிவு மறுநாள் பாய் சொல்லித் தெரியணும். ஆனா அந்த முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தலைப் பத்தி என்கிட்ட யாரும் வாய் கொடுக்க முடியாது. ஸ்கூல்ல ஜில்லா வரைக்கும் போய் ஆடினவ நான்.

எப்பவும் ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாயைத்தான் தள்ளுவாரு. இன்னிக்கு ராணி முன்னாடி சிப்பாய். பாய் நம்பாம ரெண்டு தடவை ரெஃப்ரெஷ் அடிச்சார். அதேதான்.

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. இத்தனை வருஷமா சோறு போட்ட ஆட்டத்தை விட்டுட்டு இது என்ன புதுப் பழக்கம்? பேங்க் மூர்த்தி சார் வேலை முடிஞ்சு நேரா இங்கதான் வருவார். அவரும் என் கட்சி. ஆளு பயந்துட்டார், எதிராளிங்க கம்ப்யூட்டரை வச்சு அவரோட பழைய ஆட்டத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டாங்கங்கறார். பாய் டீ கிளாஸை வச்சுட்டு சொன்னார்: "பயந்தவன் பழகினதைத்தான் சார் ஆடுவான்."

பஸ்ஸுக்கு ஓடினேன்.

3, சனி

நேத்து ஆட்டம் டிரா. நான் சொல்லல?

விவசாயத் துறை ஏஓ ஆபீஸ்ல கேட்டேன். மேட்டூர் இப்பத்திக்குத் திறக்கிற மாதிரி இல்ல. திறந்தாலும் எங்க கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள விதைக்கிற பட்டம் போயிடும். "நாத்து விடறதை மறந்துடுங்கம்மா, புழுதியில நேரடியா விதைங்க"ன்னாங்க. காஞ்ச மண்ணை உழுது, விதையைத் தூவி, மழைக்காகக் காத்திருக்கணுமாம். நாத்தங்கால், நாத்துக் கட்டு, நடவு ஆளுங்க எதுவும் கிடையாது. அது ஒரு வெள்ளாமையா.

வாங்க வேண்டியது: சீயக்காய், வத்தி, 60 வாட்ஸ் பல்பு.

4, ஞாயிறு

சிங்கப்பூர்லேருந்து வீட்டுக்காரர் போன். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவருக்கு லீவு. நல்லா சாப்பிடறாராம், குரல்ல அப்படித் தெரியல.

விஷயம் இதுதான். பக்கத்து வயல் கோவிந்தராசு அண்ணன் நம்ம ரெண்டு ஏக்கரைக் குத்தகைக்குக் கேக்கறார். அவர்கிட்ட போர் இருக்கு, தண்ணி பயமில்ல. "விட்டுடு சுமதி, ஒண்டியா நீ என்ன பண்ணுவ"ன்னார். ரெண்டு வருஷமா ஒண்டியாத்தான் பண்றேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அடுத்த ஞாயிறு சொல்றேன்னு வச்சுட்டேன்.

குத்தகைக்கு விட்டா வயல் எங்கயும் ஓடிடாதுதான். ஆனா ஒரு தடவை கை மாறினா நான் டைப் அடிக்கிறவ, அவ்வளவுதான். வரப்புல கால் வைக்கவே யோசிக்கணும். எனக்கு அது வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

5, திங்கள்

மறுபடியும் ராணி முன்னாடி சிப்பாய். நான் கத்தின கத்துல பயோடேட்டாக்கு வந்த பையன் எழுந்து வெளிய போயிட்டான்.

பாய் சிரிக்கிறார். "உனக்கு அவரு மேல கோவமா, மேட்டூர் மேல கோவமா?"ன்னு கேட்டார். துபாய்ல பதினோரு வருஷம் இருந்துட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல கம்ப்யூட்டர் கடை போட்ட மனுஷன். அப்ப ஊரே இவரைப் பார்த்துச் சிரிச்சுச்சு. மளிகைக் கடை வைக்கத் தெரியலையான்னு.

6, செவ்வாய்

நேத்து தோத்துட்டார். மூர்த்தி சார் முகத்தைப் பார்க்கணுமே, சொந்தத் தம்பி பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி. இனிமே பழைய ஆட்டத்துக்குத் திரும்பிடுவார்னு அடிச்சுச் சொல்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். பாய் மட்டும் தலையாட்டல.

வீட்டுக்கு வந்து வயல் வரைக்கும் நடந்தேன். பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு. ரொம்ப நேரம் நின்னேன்.

டிராக்டர் செல்வத்துக்குச் சொல்லி அனுப்பியாச்சு. நாளைக்குப் புழுதி உழவு. யார்கிட்டயும் கேக்கல. அவர்கிட்டயும்.

8, வியாழன்

நேத்து உழவு, இன்னிக்கு விதைப்பு. லீவு போட்டேன். கூட வயல் வேலைக்கு வர்ற செல்வி அக்காவும் நானும். உடம்பெல்லாம் புழுதி, மூக்கைச் சிந்தினா மண்ணு. விதை தூவும்போது கை கூசுச்சு. காஞ்ச மண்ணுல நெல்லு போடறது குப்பையில கொட்டற மாதிரி இருக்கு.

கோவிந்தராசு அண்ணன் அந்தப் பக்கத்து வரப்புல நின்னு பார்த்துட்டுப் போயிட்டார்.

9, வெள்ளி

நேத்து மறுபடியும் ராணி முன்னாடி சிப்பாயாம். ஜெயிச்சுட்டாராம். பாய் எழுந்து நின்னு நடிச்சுக் காட்டினார், கடைசியில எதிராளி கையை நீட்டினது வரைக்கும். மூர்த்தி சார் "ஒரு ஆட்டம்தானே"ன்னு முனகினார்.

மத்தியானம் மூணு மணி, வானம் கறுத்துச்சு. காத்து. அப்புறம் மழை, சும்மா இல்ல, அடிச்சு ஊத்துது. பாய்கிட்ட சொல்லாம கூட பஸ் ஏறிட்டேன். ஓடிப் போய் வயல்ல தண்ணி வடியற வாமடையை எல்லாம் மண்ணு போட்டு அடைச்சேன். ஒரு சொட்டு வெளிய போகல. வயல் நிறைய தண்ணி, கரண்டைக்கால் உயரம். ஆடி மாசத்துலேருந்து தண்ணி தண்ணின்னு கிடந்தவளுக்கு எப்படி இருக்கும். சிரிச்சுட்டே நனைஞ்சேன்.

11, ஞாயிறு

எழுதவே கை வரல.

காலையில கோவிந்தராசு அண்ணன் வரப்புல வந்து நின்னார். "தண்ணியைத் தேக்கி வச்சிருக்கியே தங்கச்சி, விதைச்சது நெல்லா மீனா?"

அப்பத்தான் புத்தியில உறைச்சுது. நடவுக்குத்தான் தண்ணி நிக்கணும். புழுதியில போட்ட விதை முளைக்கிறதுக்கு முன்னாடி தண்ணி நின்னா மூச்சு முட்டி அழுகிடும். ஏஓ ஆபீஸ்லயும் சொன்னாங்க, மழை வந்தா வடிச்சு விடுங்கன்னு. தலையாட்டினேன். மழையைப் பார்த்ததும் கை தன் பழக்கத்துக்குப் போயிடுச்சு. வெள்ளிக்கிழமை அடைச்சது, ஞாயிறு காலை வரைக்கும் நிக்குது.

வரப்பை வெட்டி விட்டேன். அவரும் மம்பட்டி எடுத்துட்டு வந்து கீழ மூலையில வெட்டினார். நான் கேக்கல, அவராத்தான். குத்தகைப் பேச்சை எடுப்பாருன்னு பார்த்தேன், எடுக்கல. எடுத்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் போன். விதைச்சுட்டேன்னு சொன்னேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" கேக்கலன்னேன். தண்ணி நின்னதையும் சொன்னேன், மறைக்கிற பழக்கம் இல்ல. "அடுத்த ஞாயிறு பார்ப்போம். முளைக்கலன்னா கோவிந்தராசுதான்"ன்னார். சரின்னேன். வேற என்ன சொல்றது.

13, செவ்வாய்

வெயில். ஈரம் காயுது. ஒண்ணும் காணல.

நெட் சென்டர்ல கட்சி மாறிடுச்சு. மூர்த்தி சார் இப்ப தலைகீழ். புது ஆரம்பம்தான் சரி, எதிராளிங்க வீட்டுல படிச்சுட்டு வந்ததெல்லாம் வீணாப் போச்சு, தான் முதல்லயே சொன்னதாச் சொல்றார். எங்க சொன்னாராம். பாய் ஸ்க்ரீன் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்.

நான் கேட்டேன், ஒண்ணு தோத்த பிறகும் திரும்பவும் அதையே ஆட நம்ம சாம்பியனுக்கு எப்படித் தைரியம் வந்துச்சுன்னு. "தைரியம் எல்லாம் இருந்திருக்காது. தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான். காலையில எழுந்து அதையே தள்ளியிருப்பார்"ன்னார் பாய். கடை போட்ட முதல் வருஷம் அவர் அப்படித்தான் இருந்தாராம். இதை இதுவரைக்கும் அவர் சொன்னதில்ல.

15, வியாழன்

கரண்ட் இல்ல. கரண்ட் வந்தா லைன் இல்ல. ஆட்டம் பார்க்கல.

விதையை நோண்டிப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் வெள்ளையா மூக்கு விட்டிருக்கு. கீழ மூலையில எடுத்தது கொழகொழன்னு, நாத்தம். நோண்டாதன்னு செல்வி அக்கா திட்டு.

17, சனி

காலையில பனி. மேட்டுப் பக்கம் ஊசி ஊசியாப் பச்சை. முதல்ல புல்லுன்னு நினைச்சேன். உக்காந்து ஒண்ணைப் பிடுங்கினேன். அடியில நெல்லு உமி. நெல்லுதான். நம்ம நெல்லு.

செருப்பை எங்க விட்டேன்னு தெரியல, வெறுங்கால்லயே வீடு வந்திருக்கேன்.

18, ஞாயிறு

தூறல். நேத்தோட ஆட்டம் முடிஞ்சுதுன்னு பாய் போன் பண்ணார். நம்ம சாம்பியனுக்கு மூணாவது இடம். மூர்த்தி சாருக்குச் சமாதானம் இல்லையாம். எனக்குப் போதும்.

முக்கால் வயல் பச்சை. கீழ மூலை போச்சு, கால் பங்கு இருக்கும். பயிர் கொஞ்சம் வளர்ந்ததும் அடர்த்தியா இருக்கிற இடத்துலேருந்து கலைச்சு எடுத்து அங்க நடலாம்னு ஏஓ ஆபீஸ்ல வெள்ளிக்கிழமையே சொன்னாங்க.

ஆறு மணிக்குப் போன். எப்பவும் உடம்பு எப்படின்னுதான் ஆரம்பிப்பார். இன்னிக்கு எடுத்ததுமே, "முளைச்சுதா?"

முளைச்சுதுங்க. கீழ மூலை போச்சு, மீதி இருக்கு.

எவ்வளவு உயரம்னு கேட்டார். அரை விரல் உயரம்னேன். எந்தப் பக்கம் முதல்ல வந்துச்சு, கலர் எப்படி, புல்லு கலந்திருக்கா, வரிசையா கேட்டுட்டே இருக்கார். கார்டு தீரப் போகுதுன்னு நானே சொன்னேன். பின்னாடி யாரோ சைனாக்காரன் பேசற சத்தம். அப்புறம் சொன்னார்:

"கோவிந்தராசுகிட்ட இல்லன்னு நானே சொல்லிக்கறேன். உன் வயல், நீ பாரு."

லைன் கட்.

உன் வயலாம்.

நாளைக்கே பாய்கிட்ட லீவு சொல்லி வைக்கணும். கீழ மூலை நடவுக்கு ரெண்டு ஆள், செல்வி அக்காவையும் சேர்த்து மூணு.