நீ அபிஜானில் இருப்பதாக நம் பெண் சொன்னாள்

என் அமுலுவுக்கு,

முதலில் ஒரு தடவை சிரித்துவிடு. மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

போன மாதம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற ஆள் ஒருவர் வரவில்லை. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். சாம்பார் அண்டா திறந்து கிடக்கிறது. கரண்டி சும்மா இருக்கிறது. என் கை என்னைக் கேட்டுக்கொண்டா போகும்? கழுத்தில் டை, நெஞ்சில் அடையாள அட்டை, கையில் கரண்டி. நாற்பது தட்டுக்கு ஊற்றியிருப்பேன். நிமிர்ந்தால் எதிரே பிரின்ஸிபால், கூடவே பள்ளியைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு பெரிய இடத்துப் புருஷன் பெண்சாதி. அவர் என்னைக் காட்டி, "இவர்தான் எங்கள் பிரெஞ்சு லாங்குவேஜ் அசிஸ்டென்ட்" என்றார். நான் கரண்டியோடு கும்பிட்டேன். சாம்பார் டையில் வழிந்தது. அந்த அம்மாள் என் முகத்தைவிடக் கரண்டியைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஆமாம், நீ சரியாகத்தான் படிக்கிறாய். பத்தாவதை இரண்டாம் தடவை எழுதித் தேறிய உன் புருஷன், திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே மலையடிவாரத்து விடுதிப் பள்ளியில் பிரெஞ்சு பேசச் சொல்லித் தருகிறான்.

நீ போன பிறகு பவித்ராவை இங்கே சேர்க்க வந்தேன். விண்ணப்பத்தில் தந்தைக்குத் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம். தமிழ், தெலுங்கு, பிரெஞ்சு என்று எழுதினேன். குமாஸ்தா சிரித்தான். பத்மஜா மேடம் சிரிக்கவில்லை. திருப்பதிக்காரர், இங்கே பிரெஞ்சு டீச்சர். அங்கேயே நின்று என்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். ஐவரி கோஸ்ட்டில் ஒன்பது வருஷம் இருநூறு பேருக்குச் சமைத்தவன் நான். அபிஜான் சந்தைப் பெண்களிடம் தக்காளிக்கும் மீனுக்கும் வாயாடிய வேகத்திலேயே பதில் சொன்னேன். மேடம் ஒரு அடி பின்னால் போனார். "எனக்கு எழுதத் தெரியும், உங்களுக்குப் பேசத் தெரியும். நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு டீச்சர், தணிகாசலம் காரு" என்றார்.

அப்படித்தான் அரை டீச்சர் ஆனேன். இலக்கணம் அவர், பேச்சு நான். என் வகுப்புப் பிள்ளைகள் தக்காளி அழுகல் என்று சண்டை போடுவார்கள், கை கழுவாதவனை விரட்டுவார்கள், உப்பு போதவில்லை என்று கத்துவார்கள். எல்லாம் பிரெஞ்சில். "இந்தப் பசங்க பாரிஸ் போனா காலேஜ்ல சேர மாட்டாங்க, ஓட்டல்லதான் சேருவாங்க" என்கிறார் மேடம்.

இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. வாத்தியார் பிள்ளை என்று தனிச்சலுகை கிடையாது. வளாகத்துக்குள் பவித்ரா என்னை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் தங்கும் அறைக்கும் அவள் விடுதிக்கும் இருநூறு தப்படி. இருந்தாலும் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை மற்ற அப்பா அம்மாக்களோடு நானும் கேட்டுக்கு வெளியே போய், என் படம் ஒட்டிய அட்டையோடு வரிசையில் நின்றுதான் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போக முடியும். வாட்ச்மேன் தினமும் என்னோடு டீ குடிப்பவர். அன்றைக்கு மட்டும், "மீ பேரு?" என்று என் பேரைக் கேட்பார். நானும் சொல்வேன்.

இனிமேல்தான் விஷயம். இதைச் சாயங்காலப் படிப்பு நேரத்தில் எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. இந்த ஒரு பக்கத்துக்குள் இரண்டு தடவை எழுந்து மைதானத்தைச் சுற்றிவிட்டேன். டையைத் துவைத்துக் காயப்போட்டேன். காய்ந்ததா என்று மூன்று தடவை தொட்டும் பார்த்தாயிற்று.

அரையாண்டு வாய்மொழித் தேர்வு நடந்தது. எவர்சில்வர் டப்பாவில் சீட்டுகள். பிள்ளை ஒன்றை எடுத்து, அதில் உள்ள தலைப்பில் மூன்று நிமிஷம் பேச வேண்டும். நான் இரண்டு கேள்வி கேட்பேன். மார்க் மேடம் போடுவார். அடுத்த பிள்ளை கதவோரப் பெஞ்சில் காத்திருக்கும். பவித்ரா முறை வந்தபோது பெஞ்சில் அவள் தோழி சாஹிதி.

பவித்ரா சீட்டை எடுத்தாள். பிரித்தாள். மேடத்திடம் காட்டினாள். மேடம் என்னைப் பார்த்தார்.

"வேற சீட்டு எடுத்துக்கோம்மா."

"வேணாம் மேடம். இதையே பேசறேன்."

என் அம்மா என்பதுதான் தலைப்பு.

என் கால் மேசைக்கடியில் ஆட ஆரம்பித்தது. நீ போய் இரண்டு வருஷம். அவள் வாயிலிருந்து அம்மா என்ற சொல்லை நான் கேட்டதில்லை. ஒன்பதாவது படிக்கிறாள், உன் உயரம் வந்துவிட்டாள், உன்னைப்போலவே பேசுமுன் உதட்டைக் கடிக்கிறாள்.

அவள் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

"என் அம்மா பெயர் அமுலு. அவள் அபிஜானில் இருக்கிறாள். பெரிய சமையற்கட்டில் இருநூறு பேருக்குச் சமைக்கிறாள். எல்லோரும் அவளை ஷெஃப் என்று கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அங்கே மழை பெய்தால் அவள் குரல் சின்னதாகிவிடும். ஒரு சிவப்புக் காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் அனுப்பியிருக்கிறாள். அந்தக் கார் அவளுடையது இல்லை, அவளுடைய மேனேஜருடையது. எங்களுக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்."

அமுலு, அந்தக் கார் விஷயம் உங்கள் இரண்டு பேருக்கும் அப்போதே தெரியுமா? நீயும் அவளும் சேர்ந்தா சிரித்தீர்கள்?

நான் அனுப்பிய படத்திலிருந்து என்னை எடுத்துவிட்டு அங்கே உன்னை நிற்கவைத்துவிட்டாள். நம் வரதய்யபாளையத்தைத் தாண்டிப் பஸ் ஏறத் தயங்குகிற உன்னை, கடல் தாண்டி அனுப்பிவிட்டாள். கதவோரத்தில் சாஹிதி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதாக இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. விடுதி முழுக்க இந்தக் கதைதான் ஓடுகிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? என் வேலை கேள்வி கேட்பது. கேட்டேன்.

"அங்கே உன் அம்மாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?"

"வேர்க்கடலை அரைத்து ஊற்றிய குழம்பு. நம் ஊர்க் கடலையையே அங்கே குழம்பாக்குகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்."

அது நான் சொன்னது. சிரித்தது நீ.

"எப்போது வருவாள்?"

"கான்ட்ராக்ட் முடிந்ததும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஸ்டாஃப் ரூமில் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஃபுல் மார்க் போட்டேன், தணிகாசலம் காரு. ஒரு தப்பு இல்ல. அதான் பயமா இருக்கு. பொண்ணுகிட்ட மீரே, நீங்களே பேசுங்க. இந்த சண்டே பேசலன்னா, மண்டே நான் ஸ்கூல் கவுன்சிலர் மேடத்துகிட்ட சொல்லியே ஆகணும். அவ இதை உண்மைன்னே நம்பிட்டா என்ன பண்றது?"

அந்த நாலு நாளும் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வகுப்பில் கரும்பலகையை எழுதாமலே துடைத்தேன். என்ன சொல்லித் தொடங்குவது? அம்மா செத்துட்டாம்மா என்றா? கொள்ளி வைத்த இடத்தில் நின்றது அவள். மூன்றாம் நாள் பெட்டியோடு வந்து இறங்கியவன் நான். எனக்கு அதைச் சொல்ல என்ன யோக்கியதை?

ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் சாஹிதியின் அம்மா. நகரிக்காரர். நல்ல மாதிரி. திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நீங்களும் லைன்லயா? நல்லா இருக்குது போங்க உங்க ஸ்கூல் ரூல்ஸு! ஆமா, உங்க வூட்டம்மா எப்ப வராங்க? பாவம், பொம்பள தனியா அவ்ளோ தூரம் போய்க்கினு..."

பவித்ரா அதற்குள் கேட்டைத் தாண்டி வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள்.

"கான்ட்ராக்ட் முடியணுங்க" என்றேன்.

பார்த்தாயா உன் புருஷனை? திருத்தப் போனவன், கூட ஒரு கல் எடுத்து வைத்துக் கட்டிவிட்டு வந்தேன்.

திருப்பதி பஸ் ஏறினோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் ஓட்டலில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டே அவள்தான் தொடங்கினாள்.

"இன்னா நைனா, நீயும் பொய் சொல்லிட்ட?"

"நீ சொன்ன. நான் அதும்மேலயே ஏறி நின்னுக்கினேன்."

"திட்டப் போறியா?"

"மேடம் உங்கிட்ட பேசச் சொன்னாங்க. எனக்கு எப்படித் திட்டறதுன்னு தெரியல. உங்கம்மா இருந்தா நல்லா திட்டுவா."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்புறம் இலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நான் பைத்தியம் இல்ல நைனா. எனக்குத் தெரியும். நீ இருந்தல்ல அங்க. எனக்கு மூணு வயசுல போன. வூட்ல நீ இல்ல. ஆனா இருந்த. போன்ல இருந்த, போட்டோல இருந்த. எங்கப்பா இருக்காருன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். அம்மாவையும் அதே இடத்துல வெச்சா, அதே மாதிரி இருக்கும்ல?"

சர்வர் சாதம் போட்டுவிட்டுப் போனார். நான் பிசைந்தேன். குழம்பு ஊற்றாமலே பிசைந்தேன்.

"உன்னத்தான் அவங்க விடலியே. அம்மா கேக்கும்போதெல்லாம் கம்பெனிக்காரன் விட மாட்டேங்கறான்னு சொல்லுவல்ல. அந்த மாதிரி அம்மாவையும் யாரோ விட மாட்டேங்கறாங்க. அப்படி நெனச்சிக்கினா துன்ன முடியுது, தூங்க முடியுது." நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் நைனா அவங்க உன்ன விடல? அவ்ளோ பேர் இருக்கற ஊர்ல சமைக்க வேற ஆளே கெடைக்கலியா?"

அந்தக் கேள்வியை அவள் குற்றமாகக் கேட்கவில்லை, அமுலு. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"சாதம் ஆறிப் போவுது, துன்னு" என்றேன்.

திங்கட்கிழமை காலை பத்மஜா மேடத்திடம் பாதி பேசினேன் என்று சொன்னேன். அவர் வேறொரு செய்தி வைத்திருந்தார். ஞாயிறு சாயங்காலமே பவித்ரா சாஹிதியை மாமரத்தடிக்குக் கூட்டிப்போய் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். இரண்டு பேரும் வார்டன் வந்து கூப்பிடும்வரை அழுதார்களாம். நேற்று வராந்தாவில் எதிரே வந்தாள். "போன்ஷூர் சார்" என்றாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் உதட்டைக் கடிக்கவில்லை.

அவள் தன் கதையை முடித்துவிட்டாள். என்னுடையதுதான் மிச்சம். அதனால்தான் என் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு, அதே ஓட்டலில், இலை போடுவதற்கு முன்னாலேயே அவளிடம் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டின் பின்னால் ஒளிய மாட்டேன். அவள் என்னை மறுபடி நைனா என்று கூப்பிடாமல், வெளியிலும் சார் என்றே கூப்பிட்டாலும் சரி. இது உனக்கு நான் கொடுக்கிற வார்த்தை. முன்னால் கொடுத்ததெல்லாம் போனில் கொடுத்தது. இது எழுதிக் கொடுப்பது.

அந்த இலைக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லாததை, கேட்க வேண்டியவள் நீ என்பதால், முதலில் உனக்கே சொல்கிறேன்.

யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை, அமுலு. வருஷா வருஷம் மேனேஜர் கூப்பிட்டு, இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று கேட்டார். இருநூறு பேர் ஷெஃப் என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது. நீ போவதற்கு இரண்டு மாதம் முன்னாலும் கேட்டார். நான்தான் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

உன் மாமா,
தணிகாசலம்