இரண்டு நாய், அதில் ஒன்று படுத்திருந்தது

அன்புள்ள சார்,

வண்டிக் கதவைத் திறந்தால் இன்னும் நமத்த பிஸ்கட் வாசனைதான் அடிக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் எஃப்.சி. காட்டப் போகுமுன் உள்ளே சுத்தமாகக் கழுவிவிடலாம் என்று போன வாரம் சீட்டுகளைக் கழற்றினேன். நீங்கள் உட்காரும் முன்சீட்டுக்கு அடியில் ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட் கிடந்தது. வாயைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பிஸ்கட் பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்டு போடுகிற ஆள், இந்த வண்டியில் ஏறினவர்களில் நீங்கள் ஒருவர்தான். கையில் எடுத்ததும் உள்ளே எல்லாம் மாவாக உதிர்ந்தது. தூக்கிப் போட மனசு வராமல் டேஷ்போர்டின் மேல் வைத்தேன். அன்றைக்கு ஏறின சவாரியெல்லாம் மூக்கைச் சுருக்கியது. எனக்கோ, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி இருந்தது.

நான் எட்டாவது வரை படித்தவன். மடல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பாடி மேம்பாலத்திலிருந்து பூந்தமல்லி வரைக்கும் என்னை மாதிரி வண்டி ஓட்டவும் கதை சொல்லவும் இன்னொருவன் பிறக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு வண்டி ஓட்டுகிறதைப் பற்றி மட்டும் பெருமைப்பட்டுக்கொள்கிறேன். கதையால் வந்த வினையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் முதல் சவாரி ஞாபகம் இருக்கிறதா? அயனம்பாக்கம் ஏரிக்கு எதிர் ஃபிளாட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை காலையில் ஏறினீர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கே உள்ள தூக்கம் போதாத முகம். நீங்கள் போனில் காட்டிய இடம் பூந்தமல்லி தாண்டி ஒரு பொட்டல்.

“அங்க இன்னா சார் கீது?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்கண்ணா.”

“ஒண்ணுமில்லாத எடத்துக்கா வண்டி புக் பண்ணிக்கினு போறீங்க?”

“என்ன இருக்குதுன்னு பாக்கத்தானுங்க” என்றீர்கள், கோயம்புத்தூர் மரியாதையோடு.

புதையலா, புதைக்கிற வேலையா என்று நான் கண்ணாடியில் உங்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நீங்கள் போனைக் கையில் ஏந்தி வேலிகாத்தான் புதருக்குள் போனீர்கள். ஓரிடத்தில் நின்றீர்கள். சிரித்தீர்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பேண்ட் முழுக்க ஒட்டுப்புல்லோடு திரும்பி வந்தீர்கள். “முடிஞ்சுதுங்கண்ணா, போலாம்.” என் சர்வீசில் எத்தனையோ பேரைக் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கொண்டு விட்டிருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை எங்கேயும் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் விளக்கினீர்கள். உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். அன்றைய தேதியையும் அமெரிக்கப் பங்குச் சந்தையின் ஒரு எண்ணையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் கலக்கினால், ஒவ்வொரு கட்டத்திலும் தினம் ஒரு புள்ளி விழுமாம். ஜியோஹேஷிங் என்று பேர். யாரும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. விழுந்த இடத்துக்கு நாம் போக வேண்டும். பரிசு உண்டா என்றேன். இல்லை என்றீர்கள். சென்னைக் கட்டத்தில் பெரும்பாதி கடல் என்பதால் புள்ளி பல நாள் தண்ணீரில்தான் விழும். ஆனால் பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் நாலு கட்டம் ஒன்றாகச் சேருகிறது, ஒன்று கடலுக்குப் போனாலும் இன்னொன்று நமக்குக் கிடைக்கும் என்று சின்னப் பிள்ளை மாதிரி சொன்னீர்கள். அடுத்த சனிக்கிழமை நீங்கள் புக் பண்ணவில்லை. நானே வந்து ஹாரன் அடித்தேன்.

அரக்கோணம் லோக்கலில் தொற்றிக்கொண்டு கடம்பத்தூரில் இறங்கி நடந்தோமே, அந்த நாள். வயலில் நின்ற அம்மா, “நெலம் அளக்க வந்தீங்களா?” என்று பயந்துபோய்க் கேட்டார். “சார் டெல்லிலேர்ந்து வந்துகீறாரும்மா” என்று நான் ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் அவசரமாகக் கும்பிட்டு, “இல்லீங்கம்மா, சும்மா வந்தோமுங்க” என்றீர்கள். “சும்மா வர்றதுக்கு ரயிலா?” என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொரு நாள் புள்ளி உங்கள் ஃபிளாட்டுக்கு எதிரிலேயே, ஏரிக்கு நடுவில் விழுந்தது. நீங்கள் உங்கள் சைக்கிளிலும், நான் உங்கள் மகள் நிவேதாவின் கூடை வைத்த ரோஸ் கலர் சைக்கிளிலும் கரையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தண்ணீர் வழிவிடவில்லை. வீட்டு பால்கனியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடம். போய்விட்டோம் என்று போட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். நீங்கள் போனில் பதிவு செய்துகொண்டே, “சேரலைன்னா சேரலைன்னு போட்டுக்குவோமுங்கண்ணா” என்றீர்கள்.

நான் அப்படிப் போட்டுக்கொள்கிறவனா? அன்று சாயங்காலமே பாடி டீக்கடையில் நாம் இருவரும் ஏரியை நீந்திக் கடந்தோம். நீங்கள் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாரும் போன பிறகு என் காதோரம் வந்து, “நாம எறங்கவே இல்லீங்களேண்ணா” என்றீர்கள். அவ்வளவுதான். ஒரு நாளும் நாலு பேர் முன்னால் என்னை மடக்கியதில்லை. எல்லாரும் போன பிறகு, காதோரம்.

அந்தக் காதோரக் குரல் போன பிறகுதான் நான் கெட்டேன், சார்.

ஆபீஸ் லிஃப்டுக்கு முன்னால் நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள் என்று சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து உங்கள் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் நீங்கள் எங்கே போவீர்கள் என்று யாரோ என்னைக் கேட்டார்கள். துக்க வீட்டில் எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. திருமழிசைக்கு அப்பால், பாதியில் நின்றுபோன மனைப்பிரிவில் நமக்கு நடந்ததை எடுத்துவிட்டேன். ஏழு நாய். சூழ்ந்துகொண்டு உறுமுகிறது. நான் வண்டிக்குள். நீங்கள் கீழே கிடந்த குச்சியை எடுத்து ஒரு சுழற்று சுழற்றி, ஏழையும் விரட்டிவிட்டுப் புள்ளியில் போய் நிற்கிறீர்கள். பந்தலில் இருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். உங்கள் மகள் அன்றைக்குத்தான் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் போதையாகிவிட்டது. அப்புறம் அந்த வீட்டுக்குப் போன போதெல்லாம் குச்சி நீளமானது.

உங்கள் வீட்டம்மா, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அவர் மட்டும் ஒன்றும் பேசமாட்டார். உங்களை நினைத்து வாய் மூடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் முன்பு உங்கள் மகளை நாய் கடித்துவிட்டது, சார்.

டியூஷன் போகிற வழியில், ஏரிக்கரைத் திருப்பத்தில். வழக்கமாக அந்த நாய்களைக் கண்டால் சுற்றுப் பாதையில் போகிறவள், அன்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நேரே போயிருக்கிறாள். கெண்டைக்காலில் கடி. நான்தான் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஊசி போடப் போனேன். வரிசையில் நிற்கும்போது அழுதுகொண்டே சொன்னாள்: “அப்பா ஏழு நாயை வெரட்டுனாரு. எனக்கு ரெண்டு நாய்க்கே கால் நடுங்குது அங்கிள். நான் அப்பா மாதிரி இல்லவே இல்ல.”

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அது மட்டுமென்றால் பரவாயில்லை. “அப்பா குச்சிய எப்பிடிப் புடிச்சாரு?” என்று கேட்டாள். நான் கையை ஓங்கி, பிடித்துக் காட்டினேன், சார். ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப் போட்ட காலோடு நிற்கிற பெண்ணுக்கு.

என்னிடம் ஒரு சாக்கு இருந்தது. திருமழிசையில் நாய் மடக்கின அன்றைக்குத் திரும்பி வரும்போது, “பாப்பாகிட்ட சொல்லிராதீங்கண்ணா” என்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். நான் சத்தியம் பண்ணினேன். அதைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சொல்லாதே என்றுதானே கேட்டீர்கள்? ஏழு நாயைச் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லையே.

பிஸ்கட் கிடைத்த அன்றே உங்கள் வீட்டுக்குப் போனேன். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, இருவரையும் கூப்பிட்டு, சொல்லிவிட்டேன். ஏழு நாய் இல்லை. இரண்டு. அதில் ஒன்று படுத்திருந்தது. சார் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து எடுத்து வீசினார். நிற்கிற நாய் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னும் கிட்டே வந்தது. சார் என் முதுகுக்குப் பின்னால் போய் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அப்படியே பின்வாக்கில் நடந்து வண்டிக்கு வந்தோம். புள்ளிக்குப் போகவே இல்லை.

நிவேதா என்னை முறைத்தாள். “எனக்கு நாய் கடிச்சிடுச்சுன்னு ஆறுதலுக்கு வுடுறீங்க. கதை.”

வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றும் சேர்க்காமல் சொல்கிறேன், அதைக் கதை என்கிறாள்! பாக்கெட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தங்கச்சிதான் பார்த்தார். கையில் எடுத்து அந்த ரப்பர் பேண்டைத் தடவினார்.

“க்ரீம் பிஸ்கட்ட அவரு வாய்ல வெக்கமாட்டாருங்கண்ணா. ஆனா வெள்ளிக்கெழமையானா ஒரு பாக்கெட் வாங்கிட்டு வருவாரு. உங்களுக்குப் புடிக்குமாட்டம்னு நெனச்சேன்.” அப்புறம், “கல்யாணமான புதுசுல நாய் கொலைச்சா என்னையத்தான் முன்னால நடக்க வுடுவாரு. நீங்க குச்சி சுத்துனாருன்னு சொன்னப்ப, எனக்குத் தெரியாத ஒருத்தரு சனிக்கெழம சனிக்கெழம உங்க வண்டில போயிருக்காருன்னு நெனச்சுட்டனுங்க. காலைல எந்திரிச்சு அவர நெனச்சா, குச்சியோட ஒரு ஆளு வந்து நிக்குறாரு. அது யாருன்னே தெரியல” என்றார்.

செத்துப்போன மனுஷனை இன்னொரு தடவை அந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பிவைத்திருக்கிறேன். அதுவும் என் வாயால். இத்தனை வருஷம் சவாரி ஓட்டி ஒரு பூனையைக்கூட இடித்ததில்லை என்று பீற்றிக்கொள்கிறவன்.

அப்போதுதான், அன்றைக்குத் திரும்பும் வழியில் ஒரு மதகு மேல் உட்கார்ந்து நீங்கள் சொன்னதைச் சொன்னேன். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். “பாப்பா நாயக் கண்டா ஓடியாந்து என் பின்னால நின்னுக்குவாளுங்கண்ணா. நான் யாரு பின்னால போறதுன்னு தெரியாம நிப்பனுங்க. இன்னிக்கு நீங்க இருந்தீங்க.” அதற்குப் பிறகுதான், பாப்பாகிட்ட சொல்லிராதீங்க என்றீர்கள்.

நிவேதா அப்போதுதான் என் பக்கம் திரும்பி, “பயந்துக்கிட்டேவா முன்னாடி நின்னாரு?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் எழுந்துபோய் அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீங்கள் அத்தனை வருஷம் மறைத்துவைத்ததை அவிழ்த்துவிட்டேன். அது சரியா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்றும் தெரியும்.

போன சனிக்கிழமை காலையில் போன் வந்தது. “அங்கிள், புள்ளி திருநின்றவூர் தாண்டி விழுந்திருக்கு. போலாமா?” தங்கச்சி எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தார். ரயில்வே லைனை ஒட்டின மண்பாதையில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். அவள் உங்களை மாதிரியே போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறாள். பாதை முடிகிற இடத்தில் இங்கேயும் இரண்டு நாய், அதில் ஒன்று படுத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் என் சட்டை பின்பக்கம் இழுபட்டது.

“அங்கிள்.”

“இன்னாம்மா?”

“சேரலைன்னு போட்டுடலாமா?”

“போட்டுடும்மா.”

இரண்டு பேரும் பின்வாக்கில் நடந்து வண்டிக்கு வந்தோம். கதவைச் சாத்தியதும் அவளுக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வேலிகாத்தான் புதருக்கு நடுவில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் டீக்கடையில் வழக்கமான கூட்டம்.

“இன்னா அண்ணாத்தே, காலைலேர்ந்து ஆளயே காணோம்?”

“திருநின்றவூர் பக்கம் போயிருந்தேன். நாய் மடக்கிச்சு. திரும்பி வந்துட்டேன்.”

“எத்தினி நாயி?”

எல்லாரும் கிளாசை வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள். ஏழு என்பது நாக்கு நுனிவரை வந்தது, சார். பொய் சொல்லமாட்டேன், பத்துகூட வந்தது.

“ரெண்டு. அதுல ஒண்ணு படுத்துக்கினு இருந்துச்சு.”

“நம்மகிட்டயே மறைக்கிறியா மாமே? நெசமா சொல்லு, எத்தினி?”

ஒருத்தரும் நம்பவில்லை. கிளாசைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். கோயம்புத்தூரில் உங்கள் சொந்தக்காரர்கள் நினைவில் இன்னும் ஒருவர் குச்சி சுற்றிக்கொண்டுதான் இருப்பார். அத்தனை வீட்டுக்கும் போய் அவரை இறக்கிவைக்க எனக்கு ஆயுசு போதுமா தெரியவில்லை. பழைய பாக்கெட்டைத் தங்கச்சி தன்னிடமே வைத்துக்கொண்டார். டேஷ்போர்டில் இப்போது புதுப் பாக்கெட் இருக்கிறது. உங்கள் மகள் வாங்கி வைத்தது. வாயைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டிருக்கிறாள்.

எழுதினதைத் திரும்பப் படித்தேன். நீங்கள் இருந்தால் எல்லாரும் போன பிறகு காதோரம் வந்து சொல்லியிருப்பீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: ஏரியைச் சுற்ற நான் ஓட்டின நிவேதா சைக்கிளில் கூடை கிடையாது. அதை நான்தான் மாட்டினேன்.