பூனைக்கு வாடகை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படியேற வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் சொன்னாலும் கேட்கமாட்டாள், நீங்கள் சொன்னாலும் கேட்கமாட்டாள், இருந்தாலும் சொல்லிவையுங்கள். தொழிற்சாலைக்குப் புதுத் தையல் இயந்திரம் வந்துவிட்டது. பழையதை விற்க மனம் வராமல் மூலையில் மூடி வைத்திருக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய தாள்களோடு ஆடிட்டர் வந்திருந்தார். நம் மெத்தைகளில் இருக்கும் தூங்கும் பூனைச் சின்னத்தை, வரியே இல்லாத ஒரு தீவில் நாமே தொடங்கும் கம்பெனிக்கு விற்றுவிட வேண்டுமாம். பிறகு அந்தப் பூனைக்கு வருடாவருடம் நாமே வாடகை கட்ட வேண்டுமாம். லாபம் முழுக்க வாடகையாகப் போய்விடும், இங்கே வரி கட்ட ஒன்றும் மிஞ்சாது. அந்தக் கம்பெனியில் யார் வேலை பார்ப்பார்கள் என்று கேட்டேன். "யாரும் இல்ல சார், ஒரு தபால் பெட்டி மட்டும் இருக்கும்" என்றார். சட்டப்படி சரிதானா என்றதற்கு, நூற்றுக்கு நூறு சரி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர் முகம் சுருங்கிப்போனது.

அவர் போனபின் நாம் தொழில் தொடங்கிய பழைய தகரக் கொட்டகை ஞாபகம் வந்தது. பஞ்சு மூட்டைமேல் வந்து படுக்கும் திருட்டுப் பூனையைப் பார்த்துத் தங்கச்சி காலண்டர் தாளின் பின்பக்கம் இந்தச் சின்னத்தை வரைந்தாள். எலி மாதிரி இருக்கிறது என்று நீங்கள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை அவள்.

கொட்டகை தீப்பிடித்த மத்தியானமும் ஞாபகம் வந்தது. தீயணைப்பு வண்டி வந்திராவிட்டால் நாம் தெருவில்தான் நின்றிருப்போம். கரி பூசிய முகத்தோடு நீங்கள் தீயணைப்பு வீரர் ஒருவரின் சட்டைப்பையில் பணத்தைத் திணித்தீர்கள். அவர் எடுத்து உங்கள் கையிலேயே வைத்து, "எங்களுக்குத்தான் நீங்க ஏற்கெனவே வரியாக் கட்டிட்டீங்களே சார்" என்றார். நீங்கள் என் காதருகே வந்து, "மச்சான், போன வருஷம் நாம எவ்வளவு கட்டினோம்?" என்று கேட்டீர்கள். நஷ்டக் கணக்கு, ஒரு காசும் கட்டவில்லை என்றேன். எரிந்த மெத்தைகளுக்கு நடுவில் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

மறுவருடம் முதல் லாபம் வந்தது. வரிக்கான காசோலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது அந்தத் தீயணைப்புத் தம்பி பங்கு" என்றீர்கள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொன்னீர்கள். இப்போது தாள்களோடு வந்த உங்கள் கடிதத்தில் அந்தப் பங்குக்கு 'வீண் செலவு' என்று பெயர். படித்ததும் மனம் வலித்தது மாப்பிள்ளை, மறைக்க விரும்பவில்லை.

நான் ஒன்றும் உத்தமன் இல்லை. இயந்திரம் வாங்கினால் கிடைக்கும் வரிச் சலுகையை நானும் கேட்டு வாங்குகிறேன். அதில் ஒரு இயந்திரமாவது வந்து இறங்குகிறது. இதில் பூனை இங்கேதான் இருக்கும், மெத்தை இங்கேதான் தைக்கப்படும், லாபம் மட்டும் ஊரைவிட்டுப் போகும். சட்டம் தடுக்கவில்லை என்பதற்காக நான் எப்படி வாய்கூசாமல் அதை வாடகை என்பேன்?

போட்டிக் கம்பெனிகள் எல்லாம் இதைச் செய்துதான் விலையைக் குறைக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆர்டர் குறைந்தால் தையல் பெண்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று எனக்கும் கவலை உண்டு. அதனால் ஒன்று செய்யுங்கள். விலையைக் குறையுங்கள், குறைகிற லாபத்தை என் பங்கில் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு வீடு இருக்கிறது, இரண்டு வேளைச் சாப்பாடு இருக்கிறது, போதும்.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் பங்கைப் பிரித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தாள்கள் என் மேஜைமேல் அப்படியே இருக்கின்றன. இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்கும் படித்துக் காட்டுங்கள். பூனை அவளுடையது.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அடுத்த முறை வரும்போது நேராகத் தொழிற்சாலைக்கே வாருங்கள். இந்த வருடமும் தம்பி பங்குக்கான காசோலையை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது.

என்றும் உங்கள்,
மச்சான்