கழுவிக் கொட்டிய செல்கள்

மார்ச் 3
அக்கா கண்ணாடி டம்ளரை மேசைக்கு வெளியே வைத்தாள். உடைந்தது. "மேசை நகந்துடுச்சு" என்றாள். ஆமாம், அதற்குக் கால் முளைத்துவிட்டது.
அவள் விழித்திரைச் செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அந்தச் சாவுதான் என் பிழைப்பு. செல்லுக்குள் புரதத்தை நறுக்கும் புரோட்டீஸ் என்கிற நொதி, வெறி பிடித்தால் வீட்டுக்காரனையே வெட்டிவிடும். அதை அடக்கும் மருந்து தேடுகிறேன். இதுவரை கிழித்தது ஒன்றுமில்லை.

மார்ச் 11
செல் வளர்க்கும் தட்டுகளில் மருந்து போட்டவற்றில் நொதியே இல்லை! ஆய்வுக்கூடத்துத் தலைவி மேடம் வெளியூரில். வாய் சும்மா இருக்குமா? அக்காவிடம் உளறிவிட்டேன். பார்வை குறைந்தவர்களுக்கான கைத்தடிப் பயிற்சியில் சேர இருந்தவள், "அப்போ கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டுமா?" என்றாள்.
"பொறு" என்றேன். மகாராஜா உத்தரவு.

மார்ச் 12
கண்ணாடி முன் பரிசு வாங்கும் முகத்தைப் பழகினேன். வலப்பக்கம் சுமாராக இருக்கிறது.

மார்ச் 19
மேடம் வந்தார். ஒரே கேள்வி: "கழுவினப்புறம் தட்டுல செல் மிச்சம் இருந்துச்சா, பாத்தியா?"
பார்க்கவில்லை. மருந்தின் அளவு அதிகம். செல்களெல்லாம் செத்து, பிடி விட்டு, நான் கழுவிய நீரோடு தொட்டிக்குப் போய்விட்டன. செல்லே இல்லை, நொதி எங்கிருந்து வரும்? நோயாளியைக் கொன்றுவிட்டு, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று குதித்த வைத்தியன் நான். செல்லை முதலில் எண்ணு என்று புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் நானேதான்.

மார்ச் 20
அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 22
அக்கா படியில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம். "பரவால்லடா, இன்னும் கொஞ்ச நாள்தானே."
ஐயோ, என்ன மனுஷன் நான்! இதுக்குமேல மூடி மறைச்சா நான் உருப்படுவேனா? காயத்தைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வீட்ல ஒரு பாத்திரமாவது இவ்ளோ சுத்தமா கழுவியிருக்கியாடா?" என்றாள்.

ஏப்ரல் 9
அளவைக் குறைத்து, செல்களை எண்ணி, மறுபடி செய்தேன். செல்கள் பிழைத்தன. நொதியும் ஜோராகப் பிழைத்தது. "இது நம்பக்கூடிய முடிவு" என்றார் மேடம். தோல்விக்கு என்ன மரியாதையான பெயர்!

மே 6
அக்கா கைத்தடியோடு முதல்முறை தனியாகப் பயிற்சிக்குக் கிளம்பினாள். நான் பூனை மாதிரி பின்னாலேயே போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாலையோரம் நின்றவள், திரும்பாமலே சொன்னாள்: "பின்னாடி வராதடா, செருப்புச் சத்தம் கேக்குது. லேபுக்குப் போ. யாராவது அந்த மருந்தக் கண்டுபிடிக்கணும்ல?"
அவள் சாலையைக் கடந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவள் ஏற வேண்டிய பஸ் கிளம்பிப் போய்விட்டிருந்தது, எதிர் நிறுத்தத்தில் அவள் இல்லை.