அப்பா கொடுக்காத ரத்தம்

தென்காசி,
ஆடி 28

அன்பு மகன் இசக்கிமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இன்றைக்கு நடமாட்டமாக இருக்கிறோம், அந்தப் பனிமலையில் காவல் நிற்கிற உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க ஆய்க்குடி முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் நீ கிடைப்பதே அரை நிமிஷம், அதிலும் அப்பா பக்கத்தில் நிற்பார், அதனால்தான் கடிதம். பதறாமல் கடைசி வரை படி.

அப்பாவின் மஜ்ஜைப் புற்றுநோய் அடங்கி நான்கு வருஷமாகிறது. அடங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை, அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்து அந்த நோய் சுரக்கிற எம் புரதம் திரும்பத் தலைகாட்டுகிறதா என்று பார்க்கிறோம். ஆனி பிறந்ததும் கொடுக்க வேண்டிய முறை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு போனவர் மத்தியானம் வந்து, "குடுத்தாச்சு, ரிப்போர்ட் மெதுவா வரும்" என்றார். பத்து நாள் கழித்து லேப்பில் ரத்தம் எடுக்கும் ராபியா மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி இந்தத் தடவை வரவே இல்லையே ஆச்சி, வெளியூர் போயிருக்காவளா" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தால் ஆளில்லை, குற்றாலம் பஸ்ஸில் ஏறினதைப் பார்த்ததாக எதிர்வீட்டு நல்லதம்பி சொன்னார்.

பின்னாலேயே போனேன். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினதற்கே முறிந்த முதுகெலும்பு அது, சீசன் கூட்டத்தில் எண்ணெய் தேய்க்கிறவர் யாரிடமாவது முதுகைக் கொடுத்துவிட்டாரோ, அருவிக்கு நேர் கீழே போய் நின்றுவிட்டாரோ என்றுதான் வழியெல்லாம் நினைப்பு. ஐந்தருவியில் ஊரே நனைந்துகொண்டிருக்கிறது, இவர் பழக்கடை ஓரத்தில் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். முப்பது வருஷம் போலீசில் இருந்த மனுஷன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "ஊசிக்குப் பயமில்ல குருவு, அந்தப் பேப்பர் வருததுதான் பயமா இருக்கு. இசக்கி லீவுல வருத வரைக்கும் ஒண்ணுமில்லன்னே இருந்துட்டுப் போறேனே" என்றார். நான் திட்டவில்லை. நேரே லேப்புக்குக் கூட்டிப் போய் ராபியாவின் முன்னால் உட்கார வைத்தேன்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. எம் புரதம் ஒன்றுமில்லாமல் இருந்த இடத்தில் 0.4. அவரை மனசுக்குள் கோழை என்று நினைத்தவள் நான், இப்போது நானும் மூன்று நாள் "இன்னும் வரல" என்றே சொன்னேன். நாலாம் நாள் அவர், "ஏட்டி, நான் எத்தனை பேரை விசாரிச்சிருப்பேன், அந்தப் போனைக் குடு" என்று கை நீட்டினார். பார்த்துவிட்டுச் சோறு போடச் சொன்னார்.

திருநெல்வேலியில் டாக்டர் ஸ்ரீதேவி, ஒரு எண்ணை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒரு மாதம் கழித்து மறுபடி எடுங்கள் என்றார். அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. அவர் இருமினால் நான் திரும்புவேன், நான் திரும்புவதைப் பார்த்து அவர் இருமலை அடக்குவார். மறுபடி எடுத்ததில் 0.9. நோய் திரும்பிவிட்டது மகனே. ஆனால் டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "போன தடவை எலும்பு முறிஞ்ச பிறகுதான் நமக்குத் தெரிஞ்சது. இந்தத் தடவை ரத்தத்துலயே தெரிஞ்சிட்டு. எலும்பு, கிட்னி எல்லாம் இப்ப நல்லா இருக்கு. வேகமா ஏறுது, அதனால இப்பவே மருந்தை ஆரம்பிச்சிருவோம்." அப்பா என் பக்கம் பார்க்காமல் டாக்டரிடம், "நான் பத்து நாள் தள்ளினதுல கெட்டுப் போச்சாம்மா" என்று கேட்டார். "பத்து நாள்ல ஒண்ணும் ஆகல, பத்து மாசம் தள்ளியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்" என்றார் அந்த அம்மா. போன வியாழக்கிழமை முதல் ஊசி போட்டாயிற்று, அன்று காய்ச்சல் அடித்து மறுநாள் விட்டுவிட்டது. இனி வாரம் ஒன்று.

நீ லீவு கேட்டு ஓடி வராதே, ஐப்பசியில் வருவதாக இருந்தபடியே வா. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரியாதே, வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் கைவிட மாட்டான், தீர்க்காயுசாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே. போனில் அப்பாவிடம் நல்லா இருக்கீங்களா என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்று சொல்லி அவருக்குப் பழகிவிட்டது. எண் எவ்வளவு என்று கேள்.

உன் அம்மா,
த. குருவம்மாள்